ஒரே ஒயின், பல ஆண்டுகள்: மதுரையில் சுவைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மதுரையில் நண்பர்கள் சிலர் கூடி, ஒரே தோட்டத்துச் சிவப்பு ஒயினின் வெவ்வேறு ஆண்டுப் பாட்டில்களை ஒரே மாலையில் திறந்து சுவைப்பது எங்கள் வழக்கம். கேள்விப்பட்டவர்கள் விவரம் கேட்கிறார்கள். சிலர் தங்கள் வீட்டிலும் செய்து பார்க்க விரும்புகிறார்கள். அதிகம் கேட்கப்பட்டவற்றையும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு நல்ல பாட்டிலைத் திறந்து குடித்தால் போதாதா?

தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் தனியாக ஒரு பாட்டிலைச் சுவைக்கும்போது அதன் குணம் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. திராட்சை விளைந்த ஆண்டின் வெயிலும் மழையும் தந்த குணம் ஒன்று. பறித்து, புளித்து, பாட்டிலில் அடைபட்ட பிறகு கடந்த காலம் தந்த குணம் இன்னொன்று. ஒரே கிளாஸில் இரண்டும் கலந்தே இருக்கும். முதலாவதை ஆண்டின் குணம் என்றும், இரண்டாவதை வயதின் குணம் என்றும் நாங்கள் சொல்கிறோம். பல ஆண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் இவை பிரிந்து தெரியும். எனக்கு இந்தச் சுவைப்பின் முழு மகிழ்ச்சியும் அந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

பழைய ஒயின்தானே நல்ல ஒயின்?

இல்லை. உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி, வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் குடிப்பதற்கென்றே செய்யப்படுவது. அதை எடுத்துப் பத்து ஆண்டு வைத்தால் பழச்சுவை போய்விடும்; அதன் இடத்தில் வேறு எதுவும் வந்து சேராது.

வைக்கத் தகுந்த ஒயினுக்கு மூன்று பலம் வேண்டும்: நல்ல துவர்ப்பு, நல்ல புளிப்பு, அடர்ந்த பழம். பிரான்சின் போர்தோ பகுதியில் ஆற்றின் இடது கரையில் விளையும் கேபர்னே சாவின்யோன் திராட்சைக்கு இந்த மூன்றும் இயல்பாகவே உண்டு. தோல் தடிப்பு, கொட்டை அதிகம், பழம் சிறியது. அதனால்தான் நீண்ட காலம் வைக்கும் ஒயின் என்றதும் எல்லாரும் அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். வலது கரையின் மெர்லோவும், இத்தாலியின் பரோலோவும், ஸ்பெயினின் ரியோஹாவும் இதே வரிசையில் நிற்பவை.

பாட்டிலுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

திராட்சைத் தோலிலிருந்து வரும் நிறப்பொருள் ஆந்தோசயனின். தோலிலிருந்தும் கொட்டையிலிருந்தும், ஒயினை வைக்கும் ஓக் மரப் பீப்பாயிலிருந்தும் வரும் துவர்ப்புப் பொருள் டானின். இளம் ஒயினில் இவை தனித்தனியாக மிதக்கின்றன. அதனால் நிறம் நாவல்பழக் கருநீலமாகவும், துவர்ப்பு ஈறுகளைப் பிடித்து இழுப்பதாகவும் இருக்கும். காலம் போகப் போக இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட சங்கிலிகளாகின்றன. அவற்றில் ஒரு பகுதி கனத்து, கசடாக அடியில் படிகிறது. நிறம் ஊதாவிலிருந்து மாணிக்கச் சிவப்பாகி, பிறகு செங்கல் நிறத்துக்கும் கடைசியில் பழுப்புக்கும் வருகிறது. கிளாஸைச் சாய்த்து வெள்ளைத் துணியின் மேல் பிடித்தால், இந்த மாற்றம் முதலில் ஓரத்தில்தான் தெரியும்.

மாறாதவற்றையும் கவனிக்க வேண்டும். ஆல்கஹாலின் அளவு ஏறக்குறைய அப்படியே இருக்கும். புளிப்பும் பெரிதாகக் குறைவதில்லை. ஆனால் மேலே போர்த்தியிருந்த பழச்சுவை மெலிந்துவிடுவதால், பழைய ஒயினில் புளிப்பு கூடிவிட்டது போலத் தோன்றும். எங்கள் கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம் இது. “அண்ணே, இது புளித்துப் போய்விட்டதா?” என்று கேட்பார்கள். புளிப்பு அங்கேயேதான் இருந்தது. இப்போதுதான் கண்ணுக்குத் தெரிகிறது.

ஆண்டுக்கு ஆண்டு அவ்வளவு வித்தியாசம் வருமா? தோட்டமும் ஆட்களும் அதேதானே?

வரும். போர்தோ கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே வானிலை எந்த ஆண்டும் ஒன்றுபோல இருப்பதில்லை. 2003இல் ஐரோப்பா முழுவதும் கொளுத்திய ஆகஸ்ட் வெயிலில் திராட்சை சீக்கிரமே பழுத்தது. புளிப்பு குறைந்து, பழம் வெந்தது போன்ற இனிப்பு ஏறியது. 2005 வறண்ட ஆண்டு. ஆனாலும் அளவோடு பழுத்துச் சிறந்த ஒயின் வந்தது. 2010இல் பகலில் வெயில், இரவில் குளிர். துவர்ப்பும் புளிப்பும் ஆல்கஹாலும் மூன்றும் உயரமாக நிற்கும் ஒயின்கள் அவை. 2013இல் வசந்த காலம் குளிரிலும் மழையிலும் போனது. பூக்கள் சரியாகப் பிஞ்சு பிடிக்கவில்லை. மிஞ்சிய காயும் அழுகத் தொடங்கியதால் அவசரமாகப் பறித்தார்கள். மெலிந்த ஆண்டு.

நாங்கள் எடுத்துக்கொண்ட தோட்டங்களில் ஒன்று சான் ழுலியான் ஊரின் லெயோவில் பார்ட்டன். போர்தோ தோட்டங்களுக்கு 1855இல் வகுக்கப்பட்ட தர வரிசையில் இரண்டாம் நிலையில் இடம்பெற்றது. 1826 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. குடும்பம் மாறாத தோட்டத்தை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். உரிமையாளர் மாறினால் செய்முறையும் மாறும். அப்போது நாம் சுவைப்பது ஆண்டையா, புது முதலாளியின் கைப்பக்குவத்தையா என்று குழப்பம் வரும்.

எந்தெந்த ஆண்டுகளைத் தேர்ந்தெடுப்பது? கிடைத்ததை எல்லாம் வாங்கலாமா?

இந்தப் பக்கத்தில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயம் இதுதான். வரிசையாக 2008, 2009, 2010, 2011 என்று அடுக்காதீர்கள். ஜோடி ஜோடியாக யோசியுங்கள்.

முதல் ஜோடி, வயது ஏறக்குறைய ஒன்றாகவும் வானிலை எதிரெதிராகவும் இருக்கட்டும். 2003உம் 2005உம் அப்படி. இரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டு வித்தியாசம் மட்டுமே. ஆகவே அவற்றுக்கு நடுவே நாக்கு கண்டுபிடிக்கும் பெரிய வேறுபாடு ஆண்டின் குணம். இரண்டாவது ஜோடியில் இரண்டும் நல்ல ஆண்டாக இருந்து, வயது மட்டும் விலகி நிற்கட்டும். 1996, 2010 போல. 1996இல் செப்டம்பர் நன்றாக அமைந்ததால் இடது கரையில் கேபர்னே அருமையாகப் பழுத்தது, 2010உம் அப்படியே. இரண்டுக்கும் நடுவே பதினான்கு ஆண்டுகள். இங்கே தெரிவது பெரும்பாலும் வயதின் குணம்.

நான்கு பாட்டில்களில் இந்த இரண்டு ஜோடிகளும் அடங்கிவிடும். பத்துப் பாட்டிலை அடுக்கி வைத்துக் குழம்புவதைவிட இது எவ்வளவோ மேல். ஐந்தாவதாக ஒரு மெலிந்த ஆண்டைச் சேர்க்க முடிந்தால் சேருங்கள். 2013 போன்ற ஆண்டு விலையும் குறைவு, சீக்கிரம் பக்குவத்துக்கும் வந்துவிடும். வீட்டில் யாராவது “இதுதான் எனக்குப் பிடித்தது” என்று அதையே காட்டுவார்கள். அவர்களைத் திருத்தாதீர்கள்.

இதற்கெல்லாம் நிறையச் செலவாகுமே?

ஆகும். போர்தோவின் பெரிய பெயர்கள் விலை அதிகம். அதன் மேல் நம் நாட்டு இறக்குமதி வரி நீண்ட காலமாக 150 சதவீதமாக இருந்து வந்தது.

குறைந்த செலவில் வயதின் குணத்தைத் தெரிந்துகொள்ள ரியோஹா நல்ல வழி. அங்கே ‘ரெசெர்வா’ என்று எழுத வேண்டுமானால் மூன்று ஆண்டும், ‘கிரான் ரெசெர்வா’ என்று எழுத வேண்டுமானால் ஐந்து ஆண்டும் பீப்பாயிலும் பாட்டிலிலும் வைத்த பிறகே விற்க வேண்டும் என்பது விதி. வைத்துக் காக்கும் வேலையைத் தயாரிப்பாளரே செய்துவிடுகிறார். லெபனானில் 1930இல் தொடங்கிய, பெக்கா பள்ளத்தாக்கின் திராட்சையில் ஒயின் செய்யும் ஷாட்டோ முசார் தன் சிவப்பு ஒயினைப் பறிப்பிலிருந்து ஏழு ஆண்டு கழித்தே வெளியிடுகிறது. உள்நாட்டுப் போர் காரணமாக 1976க்கு அந்த ஒயின் கிடையாது. ஆண்டின் குணம் என்று நாம் சொல்வதற்குள் வானிலை மட்டும் இல்லை, நாட்டு நிலவரமும் இருக்கிறது என்பதை அந்த வரிசையின் இடைவெளியே சொல்லிவிடுகிறது.

கம்பம் திராட்சையில் இதைச் செய்ய முடியாதா? நம் பக்கத்திலேயே இருக்கிறதே.

மதுரையில் எல்லாருக்கும் வரும் கேள்வி. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் வகை மஸ்கட் ஹாம்பர்க். சாப்பிடுவதற்கு அருமையான பழம், மணமும் உண்டு. ஆனால் வைத்துக் காக்கும் ஒயினுக்கு வேண்டிய துவர்ப்பு அதில் குறைவு.

இன்னொரு காரணம் இன்னும் சுவையானது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் போய்ப் பார்த்தால், ஒரு தோட்டத்தில் கவாத்து நடந்துகொண்டிருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் பழம் தொங்கும். பனிக்காலம் என்று கொடி உறங்கும் காலமே அங்கே இல்லை. ஆண்டு முழுவதும் எங்கேயாவது அறுவடை உண்டு. பிரான்சில் கொடி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு விளைச்சல். அதனால் அந்த ஒரு விளைச்சலில் அந்த ஆண்டு முழுவதும் பதிந்துவிடுகிறது. கம்பத்தில் ஆண்டைப் பிரிக்கும் கோடு கிடையாது. விவசாயிக்கு அது வரம். இந்த விளையாட்டுக்கு மட்டும் தடை.

அப்படியானால் இந்திய ஒயினே வேண்டாமா?

வேண்டும். நாசிக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஒரே ஒரு விளைச்சலை மட்டும் எடுக்கிறார்கள். ஏப்ரல் வாக்கில் ஒரு கவாத்து. மழை முடியும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. ஜனவரி முதல் மார்ச் வரை பறிப்பு. ஆக அங்கே ஆண்டுக் கணக்கு உண்டு. பெங்களூருக்குப் பக்கத்தில் நந்தி மலையடிவாரத்தில் குரோவர் நிறுவனம் செய்யும் ‘லா ரெசெர்வ்’ கேபர்னேயும் ஷிராஸும் கலந்தது. சில ஆண்டுகள் வைக்கத் தாங்கும். முதன்முதலாகச் செய்து பார்க்கிறவர்கள் இதைப் போன்ற ஒன்றில் மூன்று ஆண்டுப் பாட்டில்களைச் சேர்த்துத் தொடங்கினால் பை கனக்காது. இப்போதே ஒரே ஒயினை ஆண்டுக்கு இரண்டு பாட்டில் வாங்கி வைக்கத் தொடங்குவது இன்னும் நல்லது.

மதுரை வெயிலில் எப்படி வைத்துக் காப்பது?

இங்கே தயவுசெய்து அவசரப்படாமல் படியுங்கள். மதுரையில் ஒயின் கெடுவதற்கு முதல் காரணம் வெப்பம். இரண்டாவது காரணமும் அதுவே.

ஒயினுக்கு 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் உகந்தது. பொதுவாக, வெப்பம் பத்து டிகிரி ஏறினால் வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். சித்திரையில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள பரணில் 40 டிகிரிக்கு மேல் போகும். அங்கே வைத்த ஒயின் சீக்கிரம் முதிர்வதில்லை, வெந்துபோகிறது. முதிர்ச்சி என்பது பல வினைகள் ஒன்றுக்கொன்று இசைந்து மெல்ல நடப்பது. சூட்டில் சில வினைகள் முந்திக்கொண்டு ஓடிவிடும். அப்படிப்பட்ட பாட்டிலில் கார்க் சற்றே மேலே தள்ளியிருக்கும். மேலுறைக்கு அடியில் பிசுபிசுப்பாக ஒயின் கசிந்த தடம் இருக்கும். சில கடைகளில் ஏசி இல்லாமல், விளக்கு வெளிச்சத்துக்கு நேரே நிமிர்த்தி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே பழைய ஆண்டு தள்ளுபடியில் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

ஒயினுக்கென்றே வரும் சிறிய குளிர்பெட்டி வாங்குவதாக இருந்தால் கம்ப்ரெசர் உள்ளதை வாங்குங்கள். கம்ப்ரெசர் இல்லாத மலிவுப் பெட்டிகள் அறையின் வெப்பத்தைவிடக் குறிப்பிட்ட அளவுக்கு மட்டுமே கீழே இறக்கும். மே மாதத்து மதுரையில் அது போதாது. மின்வெட்டு நேரத்தில் கதவைத் திறக்காமல் விட்டாலே சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். சாதாரண பிரிட்ஜ் சில வாரங்களுக்குப் பரவாயில்லை, ஆண்டுக் கணக்குக்கு ஆகாது. குளிர் அதிகம், காற்று வறண்டிருப்பதால் கார்க் காய்ந்துவிடும்.

எங்களுக்குக் கைகொடுத்தது கொடைக்கானல். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். மதுரையிலிருந்து 120 கிலோமீட்டர் தொலைவு. வெயில் காலத்திலும் பகல் வெப்பம் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். நண்பர் ஒருவரின் வீட்டில், வடக்குப் பார்த்த, சன்னல் இல்லாத சாமான் அறையில் பாட்டில்கள் படுத்திருக்கின்றன. ஈரத்தில் லேபிள் பூசணம் பிடிக்கிறது. மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைக்கிறோம். கொண்டுபோகும்போது காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள். வத்தலக்குண்டு தாண்டும் வரை அந்தப் பெட்டி அடுப்புதான். ஏசி ஓடும் இருக்கையில், சால்வையில் சுற்றி, மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போங்கள்.

பாட்டில்கள் எங்கிருந்து கிடைக்கின்றன? சட்டப்படி சரியா?

கடைகளில் ஒரே ஒயினின் பல ஆண்டுகள் சேர்ந்து கிடைப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்கள்தான் எங்களுக்கு வழி. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ மதுரை விமான நிலையத்துக்கு வரும் பயணி ஒருவர் தீர்வையின்றி இரண்டு லிட்டர் மது கொண்டுவரலாம். 750 மில்லி பாட்டில் இரண்டு அதற்குள் அடங்கும். யார் எந்த ஆண்டைக் கொண்டுவருவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறோம். வாங்கும்போது அந்தக் கடையில் அது எப்படி வைக்கப்பட்டிருந்தது என்று கேட்கச் சொல்கிறேன். பழைய ஆண்டுக்கு லேபிளைவிட அது இருந்த இடம்தான் முக்கியம்.

தமிழ்நாட்டில் மது அருந்த வயது 21 நிறைந்திருக்க வேண்டும். வீட்டில் வைத்திருக்கும் அளவுக்கும் மாநில விதிகளில் உச்சவரம்பு உண்டு. சேர்க்கத் தொடங்கும் முன் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை அலுவலகத்தில் இப்போதைய விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சுவைக்க வருகிறவர்களிடம் பணம் வாங்காதீர்கள். அது விற்பனை ஆகிவிடும்.

எத்தனை பேர் இருக்கலாம்? போதை ஏறாதா?

ஒரு பாட்டிலில் ஆளுக்கு 60 மில்லி ஊற்றினால் பன்னிரண்டு பேருக்கு வரும். கசடுக்குக் கொஞ்சம் போய்விடுமாதலால் பத்துப் பேர் சரியான கணக்கு. துப்புவதற்கு ஏற்பாடு கட்டாயம் வேண்டும். வெற்றிலை போடும் பெரியவர்கள் இருந்த வீடுகளில் பித்தளைப் படிக்கம் இன்னும் பரணில் கிடக்கும். எடுத்துப் புளி போட்டுத் துலக்கி வையுங்கள். வாயில் வைத்துச் சுழற்றித் துப்பினாலும் சுவை முழுவதும் தெரியும். வண்டி ஓட்டிப் போகிறவர் துப்பினாலும் ஓட்டக் கூடாது என்பது எங்கள் விதி.

எந்த மாதம் நல்லது?

மார்கழியும் தையும். சித்திரையில் வேண்டாம்.

பழைய பாட்டிலை எப்படித் திறப்பது? கார்க் உடைந்துவிடுகிறதே.

முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். கசடு அடியில் இறங்க ஒரு முழு நாள் வேண்டும்.

எங்கள் 1996ஐத் திறந்ததைச் சொல்கிறேன். மேலுறையை வெட்டியதும் கார்க்கின் தலையில் கறுப்பாகப் பூசணம் தெரிந்தது. அது கெட்ட அறிகுறி இல்லை. பாட்டில் ஈரமான இடத்தில் இருந்தது என்று பொருள். ஈரத்துணியால் துடைத்தேன். சாதாரணத் திருகாணியை இறக்கினால் இத்தனை வயதுக் கார்க் நடுவில் நொறுங்கும். அதற்கு இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள திறப்பான் இருக்கிறது. தகடுகளைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாறி மாறி அசைத்து இறக்கி, முறுக்கியபடியே மேலே இழுக்க வேண்டும். கார்க் முனகியபடி வந்தது. அடிப்பக்கம் ஒயின் ஊறிக் கருஞ்சிவப்பாகவும், மேல்பாதி வெளிறியும் இருந்தது. ஒயின் மேலே வரை ஏறவில்லை. கார்க் தன் வேலையைச் செய்திருக்கிறது.

பிறகு ஊற்றுவது. கழுத்துக்குக் கீழே கைப்பேசி விளக்கை எரியவிட்டு, அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மெல்லச் சாய்த்தேன். நிறுத்தி நிறுத்தி ஊற்றினால் கசடு கலங்கிவிடும். ஒரே சீராக ஊற்ற வேண்டும். முதலில் தெளிந்த சிவப்பு. கடைசியில், கழுத்து அகலத் தொடங்கும் பாட்டிலின் தோள்பட்டைப் பக்கம் மெல்லிய கறுப்பு இழை ஒன்று புகைபோல நெளிந்து வந்தது. அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தைப் பார்த்து மனம் வருந்த வேண்டாம்.

வயதான ஒயினைக் குடுவைக்கு மாற்றியதும் ஊற்றிவிடுங்கள். காத்திருந்தால் மணம் பறந்துவிடும். 2010 போன்ற இளையது இரண்டு மணி நேரம் காற்றாடட்டும்.

எந்த வரிசையில் ஊற்றுவது?

இளையதிலிருந்து முதியதற்குப் போவது பலரின் வழக்கம். நான் முதியதிலிருந்து தொடங்குகிறேன். 2010இன் துவர்ப்பு நாக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு 1996இன் மெல்லிய குரல் கேட்காது. ஆனால் எல்லாக் கிளாஸ்களையும் மேசையிலேயே விட்டுவைத்து, திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும். கிளாஸ்கள் ஒரே அளவாக, வாய் குறுகியதாக இருக்கட்டும்.

அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்கிறார்களே?

அது குளிர்நாட்டுக் கல்வீட்டின் அறை. நமக்கு 16 முதல் 18 டிகிரி. மதுரை அறையில் இருந்த பாட்டிலை முக்கால் மணி நேரம் பிரிட்ஜில் வைத்து எடுங்கள். சூடான ஒயினில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

பெண்கள் பூ வைத்துக்கொண்டு வரக் கூடாது என்று சொன்னீர்களாமே?

சொன்னேன், வருத்தத்தோடுதான் சொன்னேன். மதுரை மல்லியின் மணம் அவ்வளவு வலுவானது. ஒரு முழம் இருந்தால் போதும், பழைய ஒயினின் மணத்தில் பாதி மறைந்துவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி, அத்தர், சமையலறையில் பெருங்காயத் தாளிப்பு, ஆண்கள் பூசும் வாசனைத் தைலம் எல்லாவற்றுக்கும் இதே வேண்டுகோள். விளக்கேற்றும் நேரம் முடிந்து, அறை காற்றாடிய பிறகு தொடங்குங்கள். வெற்றிலை பாக்கும் காபியும் ஒரு மணி நேரம் முன்பே நின்றுவிட வேண்டும்.

புத்தகங்களில் போடும் வாசனைப் பெயர்கள் எனக்குப் பிடிபடவில்லை. என்ன செய்வது?

காசிஸ், செடார் என்றெல்லாம் தேடாதீர்கள். நம் மூக்கு எதைப் பழகியிருக்கிறதோ அதையே சொல்லுங்கள்.

எங்கள் மேசையில் சொல்லப்பட்டவை: 2010இல் நாவல்பழம், பென்சில் சீவிய தூள், புது மரம். 2005இல் அதே நாவல்பழம் சற்றே உலர்ந்து, கூடவே இலவங்கம். 2003இல் பேரீச்சை, வெல்லப்பாகு, வெயிலில் கிடந்த புளி. புளிப்பு மட்டும் பின்னால் வரவில்லை. 1996 கிளாஸில் விழுந்து முதல் ஐந்து நிமிடம் ஊமையாக இருந்தது. பிறகு ஈர மண், காளான், காய்ந்த அத்தி. திண்டுக்கல்காரர் ஒருவர் நெடுநேரம் மோந்துவிட்டு, “எங்கள் தாத்தாவின் சுருட்டுப் பெட்டி. காலிப் பெட்டி” என்றார். அந்த ஊரின் தோல் கிடங்குகளையும் நினைவூட்டுகிறது என்று இன்னொருவர் சேர்த்தார். தோல், புகையிலை, ஈரமண் என்று உலகம் முழுவதும் முதிர்ந்த போர்தோவுக்குச் சொல்லும் மணங்கள்தான் அவை. வத்தலக்குண்டு சாலையில் பஸ்ஸில் போனவர்களுக்கு அவை எப்போதோ தெரிந்தவை.

எழுதும்போது ஒரு வாசனைக்கு நேரே ‘ஆண்டு’ அல்லது ‘வயது’ என்று குறித்துக்கொள்ளுங்கள். 2003இன் பேரீச்சை ஆண்டின் குணம். பக்கத்தில் ஏறக்குறைய அதே வயதான 2005இல் அது இல்லை. 1996இன் காளான் வயதின் குணம். 2005இல் அது இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. இரண்டு மூன்று கூட்டங்களில் இந்தக் குறிப்பு பழகிவிடும்.

சாப்பிட என்ன வைப்பது?

சுவைக்கும்போது பொரி மட்டும். உப்பில்லாத வெறும் பொரி நாக்கைச் சுத்தமாக்குவதைப் போல வேறெதுவும் ஆக்குவதில்லை. தண்ணீர் நிறைய வையுங்கள்.

குறிப்புகள் எழுதி முடித்த பிறகு சாப்பாடு. மிளகாய் காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் எரிச்சலாக்கும். ஆகவே மட்டன் சுக்காவை மிளகாய் இல்லாமல், மிளகு குறைத்துச் செய்யச் சொல்கிறோம். ஆட்டுக்கறியின் புரதமும் கொழுப்பும் துவர்ப்பைப் பிடித்துக்கொள்வதால் 2010 சட்டென்று மென்மையாகிவிடும். 1996க்கு அவ்வளவு கனம் தாங்காது; நெய்யில் வதக்கிய காளான் போதும். சைவம் சாப்பிடுகிறவர்கள் வேகவைத்த நிலக்கடலையை இளம் ஒயினோடு சாப்பிட்டுப் பாருங்கள். ஜிகர்தண்டா எல்லாம் முடிந்து கிளாஸ்களைக் கழுவிய பிறகு.

கெட்டுப்போன பாட்டிலை எப்படிக் கண்டுபிடிப்பது?

மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் அது கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மத்தின் வேலை. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் பழத்தை முழுவதும் விழுங்கிவிடும். காத்திருந்தால் சரியாகும் என்று நம்ப வேண்டாம், நேரம் போகப் போகக் கூடும். வினிகர் நெடி, பழைய ஆப்பிள் வாடை, முழுப் பழுப்பு நிறம் ஆகியவை காற்று புகுந்ததன் அடையாளம். திறக்கும் முன்பே பாட்டிலில் ஒயின் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று பாருங்கள். இருபது, முப்பது ஆண்டுப் பாட்டிலில் கழுத்தின் அடிவரை இறங்கியிருப்பது இயல்பு. தோள்பட்டையின் நடுவுக்குக் கீழே போயிருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஒன்று போய்விடலாம் என்ற எண்ணத்தோடு, இன்னொரு பாட்டிலைத் தயாராக வைத்திருங்கள்.

மிச்சம் இருந்தால்?

முதியதை அன்றைக்கே முடித்துவிடுங்கள். மறுநாள் அதில் ஒன்றும் இருக்காது. இளையதில் வேண்டுமென்றே கால் பாட்டில் மிச்சம் வைத்து, கார்க்கைத் திருப்பி அடைத்து, பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மாலை எடுத்து, குளிர் விட்டதும் சுவையுங்கள். பழம் இன்னும் நிமிர்ந்து நின்றால் அந்த ஆண்டில் இன்னும் நிறைய உயிர் இருக்கிறது. கொடைக்கானலில் இருக்கும் மற்றப் பாட்டில்களைத் தொட வேண்டாம். தட்டையாகிவிட்டிருந்தால் வரும் தைக்குள் திறந்துவிடுங்கள்.